ஏழாவது கேள்வி

பிப்ரவரி 16, 1976, திங்கள்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். புத்தகக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமனே கிடக்கிறது. இன்று முதல் எழுதிவைக்கப் போகிறேன்.

நான் முதல் வகுப்பில் எம்.ஏ. தேறியவன். இந்தக் கல்லூரியின் அரசியல் துறையில் பதினெட்டு வருடமாக விரிவுரையாளன். துறையில் நாங்கள் இருவர்தான். ஜெபரத்தினம் இரண்டாம் வகுப்பில் தேறியவர். அவர் தலைவர், நான் அவருக்குக் கீழே. காரணம், பதினொரு நாள்.

1958 ஜூனில் இருவருக்கும் ஒரே தேதியிட்ட நியமனக் கடிதம் வந்தது. அந்த வாரம்தான் என் தகப்பனார் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டேன். அவர் பதினொரு நாள் முன்னதாகவே இட்டிருந்தார். போன வருடம் தலைவர் பதவி காலியானபோது பதிவேட்டைத் திறந்து பார்த்து அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவராவது மறுத்திருக்கலாம், ஒரு பேச்சுக்காவது. “விதி அப்படி இருக்கு சார்” என்றார். மூன்று நிமிடம் தாமதமாக வந்தாலும் என் பெயருக்கு எதிரே மூன்று நிமிடம் என்று குறித்துவைக்கிற ஆள். தான் வந்தாலும் அப்படியே குறித்துக்கொள்வார். அது இன்னும் எரிச்சல்.

நிர்வாகக் குழுவுக்கு மனு எழுதப் போகிறேன். அதற்கான குறிப்புகளை இதில் சேர்ப்பேன். மனுவில் என் பெயர் இருக்கும், கையெழுத்து இருக்கும். இதைச் சொல்லக் காரணம், ஊரில் இப்போது மொட்டைக் கடிதாசிக் காலம். மாநில ஆட்சியைக் கலைத்துப் பதினாறு நாள்தான் ஆகிறது. அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பேரை மொட்டைக் கடிதாசியின்பேரில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெயர் போடாமல் எழுதுகிறவனைவிடக் கேவலமானவன் கிடையாது.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். ஆவுடை இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாதிரித் தேர்வுக்கு முன் கடைசி வகுப்பு. அதிகாரப் பிரிவினையைத் திருப்பிச் சொன்னேன். சட்டம் செய்கிறவன், நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒரே கையில் மூன்றும் சேர்ந்தால் குடிமகனுக்கு முறையிட இடமில்லை.

பின்வரிசையில் முத்துக்குட்டி எழுந்தான். “மூணும் ஒரே கையில வந்துட்டா என்ன செய்யணும் சார்?”

“அது பரீட்சைக்கு வராது” என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது வராந்தாவில் ஜெபரத்தினம் நின்றிருந்தார். கேட்டிருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

மாதிரித் தேர்வு. அரசியல் கோட்பாட்டுத் தாள். பத்துக் கேள்வி, ஐந்துக்கு விடை. மேற்பார்வையில் மூன்று மணி நேரம் நின்றதில் முழங்கால் வலி.

கேள்வித்தாள் விஷயத்தில் எங்கள் கல்லூரி நடைமுறையை மனுவில் சேர்க்க வேண்டும். கேள்வி எடுத்தவர் பெயர் எங்கும் வராது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக் குமாஸ்தா பொன்னுலிங்கம் ஸ்டென்சில் வெட்டுவார். தலைவர் அதன் மூலையில் சுருக்கொப்பமிடுவார். தேர்வு முடிந்ததும் பிரதியைத் தலைவர் முன்னிலையில் எரித்துவிட வேண்டும். வேலை ஒருவனுடையது, பெயர் இன்னொருவனுடையது.

பொன்னுலிங்கம் இன்று விடுப்பு. தங்கை மகளுக்குக் காது குத்து.

பிப்ரவரி 23, திங்கள்

பதினொன்றரை மணிக்கு ஒரு ஜீப் வந்து கொன்றை மரத்தடியில் நின்றது. ஆசிரியர் அறையில் பேச்சு அப்படியே அறுந்தது. பிரின்சிபாலின் பியூன் வந்து ஜெபரத்தினத்தின் காதில் எதையோ சொல்லிக் கூப்பிட்டான். அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். நேரே பிரின்சிபால் அறைக்குப் போகவில்லை. ஆபீஸ் பக்கம் போனார். பத்து நிமிடம் கழித்துக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தார். ஒரு மணிக்கு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நடுவில் உட்காரவைத்தார்கள்.

சரித்திரத் துறைச் சுடலைமுத்து விசாரித்துக்கொண்டு வந்தார். கேள்வித்தாளாம். ஏழாவது கேள்வியாம். எவனோ தாளை மடித்து உறையில் போட்டு, மொட்டைக் கடிதாசியோடு போலீசுக்கு அனுப்பியிருக்கிறான்.

ஏழாவது கேள்வி: ஆட்சிக்குக் கீழ்ப்படிவது எந்தச் சூழ்நிலைகளில் குடிமக்களின் கடமையாக இல்லாமற் போகிறது? விவாதிக்க.

“இந்த நேரத்துல இப்பிடி ஒரு கேள்வியா? ஜெபரத்தினத்துக்கு இவ்வளவு தைரியம் எங்கே கிடந்துச்சு?” என்றார் சுடலைமுத்து.

தாளின் மூலையில் தலைவரின் சுருக்கொப்பம் இருக்கிறது. பொறுப்பு தலைவருடையது. நடைமுறை அதுதான்.

பொன்னுலிங்கத்திடம் பிரதி எரிக்கப்பட்டதா என்று கேட்டேன். “எரிச்சாச்சு சார்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் மூன்று ஜீப் சத்தம் கேட்டேன். இரண்டு பால் சொசைட்டி வண்டி.

பிப்ரவரி 26, வியாழன்

ஜெபரத்தினம் தற்காலிகப் பணிநீக்கம் என்று ஆணை ஒட்டியிருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் வைத்து விசாரிக்கிறார்களாம். மிசா சட்டத்தில் உள்ளே போட்டால் ஒரு வருடம், இரண்டு வருடம், கேள்வி கேட்க ஆளில்லை.

ஆசிரியர் அறைக்குள் நான் போனதும் பேச்சு நிற்கிறது. இன்று சுடலைமுத்து எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, பேனாவுக்கு மை ரொப்பியாச்சா? அடுத்தது யாரு பேரு?”

“என்ன சொல்லுதீரு?”

“ஒண்ணுமில்ல. தலைவர் நாற்காலி காலியாக் கிடக்கே, தூசி தட்டணுமேன்னு சொன்னேன்.”

நான்தான் மொட்டைக் கடிதாசி எழுதினேன் என்று நினைக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். மறுத்துப் பேச வாய் எடுத்தேன். “நான் எழுதவில்லை” என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விடைத்தாள் திருத்த எடுத்தேன். நாற்பத்து மூன்று தாள். சிவப்பு மை எனக்குப் பிடிக்காது. எழுதுவது, திருத்துவது எல்லாம் பச்சை மைதான். முப்பத்தொரு பேர் ஏழாவது கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார்கள். எல்லாம் நான் சொல்லி எழுதவைத்த குறிப்பு. மக்கள் தங்கள் சுதந்திரத்தில் ஒரு பகுதியைப் பாதுகாப்பை வேண்டி ஆட்சியிடம் ஒப்படைக்கிறார்கள். ஒப்படைத்ததை ஆட்சி அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தினால் ஒப்பந்தம் முறிகிறது. முப்பத்தொரு கையெழுத்தில் என்னுடைய வாக்கியம். பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாளும் சொல்லப் பயந்ததில்லை. நம்பித்தான் சொன்னேனா என்று இன்றுதான் சந்தேகம் வருகிறது.

முத்துக்குட்டியின் தாள் வேறு மாதிரி. மூன்று பக்கம் எழுதிவிட்டு, ஒவ்வொரு வரியையும் அடிமட்டம் வைத்து அடித்திருக்கிறான். அறுபத்தெட்டு வரி. நேர்கோடு, ஒன்றுகூடக் கோணவில்லை. பரீட்சைக் கூடத்தில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது இப்போது ஞாபகம் வருகிறது. கேள்வி எதில் கொண்டுபோய் விடும் என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது. எனக்கும் ஜெபரத்தினத்துக்கும் புரியவில்லை.

அடித்ததற்கு மதிப்பெண் இல்லை. விதி அப்படி.

மண்ணெண்ணெய் வாங்கிவிட்டேன். நான்கு லிட்டருக்கு இரண்டரை மணி நேரம் வரிசை. யாரும் யாரோடும் பேசவில்லை. பேச்சைக் குறைக்கச் சொல்லும் பலகை எதிரிலேயே இருந்தது.

பிப்ரவரி 29, ஞாயிறு

ஆவுடை இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“தெருக் குழாயில பேசிக்கிடுதாவ. நீங்க எழுதிப் போடலல்லா?”

“நான் போடலை.”

“சத்தியமா?”

“ஆவுடை, நான் போடலை.”

“அப்பொ ஜீப் சத்தம் கேட்டா ஏன் வாசலுக்கு ஓடுதிய?”

சட்னி உப்பு என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான்கு மணிக்கு ஜெபரத்தினத்தின் மனைவி கிரேஸ் டீச்சர் வந்தார். உட்காரவில்லை, குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். ஆசிரியர்கள் கலெக்டருக்கு ஒரு மனு எழுதுகிறார்கள், பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார். மனுவைக் கேட்டு நான் கையை நீட்டினேன்.

“இல்ல சார். நேத்து அவங்களப் பாக்க விட்டாங்க, அஞ்சு நிமிசம். உங்கள்ட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. சங்கரநயினார் சார் இதுல கையெழுத்துப் போட வேண்டாம்னு.”

“ஏனாம்?”

“தெரியல சார். அதை மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்க.” பிறகு ஆவுடையைப் பார்த்து, “மெலிஞ்சிட்டாங்கக்கா. கண்ணாடியைப் பிடுங்கி வச்சிக்கிட்டாங்க. கண்ணாடி இல்லாம என் மொகமே அவங்களுக்குத் தெரியல” என்றார்.

போலீஸ் காவலில் இருந்துகொண்டும் என்னை ஒதுக்குகிறார். என் கையெழுத்து அவருக்குத் தீட்டா? பதினான்கு பேரில் நேற்றுச் சேர்ந்த டெமான்ஸ்ட்ரேட்டர்கூட இருக்கிறான். இதையும் நிர்வாகக் குழுவுக்கான என் மனுவில் சேர்க்க வேண்டும்.

மார்ச் 2, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார், பிரின்சிபால் அறைக்கு. பிரின்சிபால் எழுந்து வெளியே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். காபி வாங்கிக் கொடுத்தார். என்னை மாதிரி ஒருவரிடம்தான் அவர் மகன் படிக்கிறானாம்.

“கேள்வித்தாளை யாரு சார் எடுக்கது?”

“துறை எடுக்கும்.”

“துறைன்னா?”

“தலைவர் பொறுப்பு.”

“அவரும் அதான் சொல்லுதாரு. ‘என் துறைத் தாள், என் பொறுப்பு.’ அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. எழுதுன பிரதி எங்கேன்னா, எரிச்சாச்சு. யாரு எழுதுனதுன்னா, எடுத்தவர் பேரைச் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்காம். என்கிட்ட, ஸ்டேஷன்ல வச்சு, காலேஜ் விதி சொல்லுதாரு.” சிரித்தார். “உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“பொறுப்பு தலைவருடையது” என்று திரும்பவும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். என் வாக்கியத்தை இன்னொருவர் எழுதிக்கொள்வதைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்குப் போல் என்றும் வியர்த்ததில்லை.

எழுந்திருக்கும்போது, பதினான்கு பேர் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“அலமாரியில இருக்கு. பேரு போட்டு வாரதெல்லாம் அலமாரிக்குத்தான் சார் போகும். மொட்டைதான் மேசைக்கு வரும். ஏன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவரே சொன்னார்.

“பேரு போட்டவன் என்னமோ ஆதாயத்துக்கு எழுதுதான். பேரு போடாதவனுக்கு என்ன ஆதாயம்? அப்பொ அவன் சொல்லதுதான உண்மை? மேல இருக்கவங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஒரு மொட்டை வந்தா இருபத்து நாலு மணி நேரத்துல நடவடிக்கை எடுத்து ரிப்போர்ட் அனுப்பணும்.”

அரசாங்கங்களின் வகைகளைப் பற்றி நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். இந்த வகையை எதிலும் படித்ததில்லை.

மார்ச் 3, புதன்

பத்தாம் தேதிக்குள் மிசா உத்தரவு கையெழுத்தாகும் என்று பேச்சு. பிரின்சிபால் என்னைத் துறைப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதினெட்டு வருடம் காத்திருந்த வார்த்தை.

மார்ச் 4, வியாழன்

மதியம் சைக்கிள் கொட்டகையில் பொன்னுலிங்கம் தனியாக நின்றார். என் சைக்கிள் பக்கத்தில் வந்து, டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு பேசினார்.

“சார், என் மனசுல வச்சிக்கிட முடியல. பரீட்சை அன்னைக்கு எரிக்கல. நான் லீவுல்லா? அப்புறம் மறந்துபோச்சு. கவர் என் மேசையிலதான் கிடந்துச்சு.”

பூட்டில் நுழைத்த சாவியை வெளியே எடுத்தேன்.

“ஜீப் வந்த அன்னைக்கு ஜெபரத்தினம் சார் விறுவிறுன்னு வந்தாவ. கவரைக் குடும்னாவ. பிரிச்சு ஒருதடவ பாத்தாவ. ஏங்கிட்ட தீப்பெட்டி கேட்டாவ. நம்ம சாருக்குத்தான் பீடி சிகரெட் வாசனையே ஆகாதே, தீப்பெட்டி எதுக்குன்னு நெனைச்சேன். இந்தா, இந்தத் தூணுக்குப் பின்னாடி வச்சுத்தான் கொளுத்துனாவ. சாம்பலச் செருப்பால தேய்ச்சிட்டு, குழாயில கையக் கழுவிட்டு, ‘யாரு கேட்டாலும் பரீட்சை அன்னைக்கே எரிச்சாச்சுன்னு சொல்லும்’னாவ. அப்பிடியே பிரின்சிபால் ரூமுக்குப் போயிட்டாவ.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல சார். நானும் ஒண்ணும் கேக்கல. கேக்கதுக்கு என்ன இருக்கு? பச்சை மை இந்தக் காலேஜ்ல ஒருத்தர்ட்டதான இருக்கு.”

தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தரையில் ஒரு கறுப்பு வட்டம், உள்ளங்கை அளவு.

மார்ச் 5, வெள்ளி

எழுதிவிடுகிறேன். ஏழாவது கேள்வியை எடுத்தவன் நான்.

தைரியத்தால் எடுத்ததாக இருந்தால் இதை எப்போதோ எழுதியிருப்பேன். இரண்டு நாள் அப்படி நம்பிப் பார்த்தேன். ஆட்சி கலைந்த வாரத்தில் என் உள்மனம் கொதித்தெழுந்து கேட்ட கேள்வி என்று. கட்டிலுக்கடியில் இருக்கும் அட்டைப் பெட்டியை இன்று இழுத்துத் திறந்தேன். 1967 மாதிரித் தேர்வுத் தாள். அதிலும் அது ஏழாவது கேள்விதான். அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன், காற்புள்ளி உட்பட. மூன்று வருடத்துக்குள் வந்த கேள்வி திரும்ப வரக்கூடாது என்பதை மட்டும் பார்ப்பேன். மற்றபடி எந்த வருடத்துத் தாள் கையில் அகப்படுகிறதோ அது. மண்ணெண்ணெய் வரிசைக்குப் போகும் அவசரத்தில் கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்த தாள். அறுபத்தேழில் அந்தக் கேள்வியால் யாருக்கும் தும்மல்கூட வரவில்லை.

ஜெபரத்தினம் படித்துப் பார்க்காமல் சுருக்கொப்பமிட்டார். கேள்வி எடுத்தவர் மேல் நம்பிக்கை வைக்க வேண்டும் என்பது அவர் விதிகளில் இன்னொன்று.

“கையெழுத்துப் போட வேண்டாம்.” என் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் போலீஸ் கண்ணில் படக்கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். கண்ணாடிகூட இல்லாமல் உட்கார்ந்துகொண்டு. அதை நான் இந்த டைரியில் என்னவென்று எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். தீட்டு என்று எழுதியிருக்கிறேன்.

இதற்காக அவரைப் பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. எனக்காக வந்து நிற்கும்போதும் விதியோடுதான் வந்து நிற்கிறார். அந்தப் பதினொரு நாளை எனக்கு எதிராகப் படித்த அதே குரலில்தான் ஸ்டேஷனிலும் விதி படித்திருப்பார். ஒரே ஆள்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 6, சனி

பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர், பதவி, கையெழுத்து, தேதி. கேள்வித்தாளை எடுத்தவன் நான், தலைவருக்குத் தெரியாது என்று. கல்லூரி வரைக்கும் போய், அவர் அறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நிர்வாகக் குழுச் செயலாளரிடம் அவர் பேசுவது கேட்டது.

“ஒருத்தரோட போச்சுன்னு நெனச்சுக்கிடுவோம். இனி யாரு என்ன எழுதிக் கொண்டாந்து குடுத்தாலும் என் டிராயருக்குள்ளதான் போகும். காலேஜ் பேரு முக்கியம்லா?”

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். டிராயருக்குப் போகும் என்பதால் திரும்பினேனா, டிராயருக்குப் போகும் என்று கேட்டதில் சந்தோஷப்பட்டுத் திரும்பினேனா என்பதை இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 7, ஞாயிறு

காலையில் கிணற்று ராட்டுக்கு எண்ணெய் விட்டேன். ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் பத்திரம், என் சான்றிதழ்கள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு ஆவுடையின் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அவள் சேலைகளை ஒதுக்கி இடம் செய்தாள்.

பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதினேன், போலீஸ் சூப்பரின்டெண்டெண்டுக்கு.

“மேற்படி கல்லூரியில் அரசியல் துறை விரிவுரையாளராக இருக்கும் வே. சங்கரநயினார் என்பவரே 18-2-76 கேள்வித்தாளை எடுத்தவர். துறைத் தலைவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேற்படி நபர் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் பல வருடமாகப் புழுங்கிக்கொண்டிருப்பவர். மாணவர்களுக்கு அவர் சொல்லி எழுதவைத்த குறிப்புகளை விடைத்தாள்களில் காணலாம். அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் உள்ள அட்டைப் பெட்டியைச் சோதித்தால் அதே கேள்வி அச்சடித்த பழைய தாள் கிடைக்கும். விசாரித்தால் மறுக்க மாட்டார்.”

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளைப் பற்றி இவ்வளவு உறுதியாக எனக்கு எதுவும் தெரியாது. அடிக்கலாமா என்று அடிமட்டத்தைக்கூட எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். மொட்டைக் கடிதாசியில் வருவது உண்மை என்று இன்ஸ்பெக்டரே சொல்லியிருக்கிறார்.

பச்சை மையில்தான் எழுதியிருக்கிறேன். இடது கையால் எழுதவில்லை, எழுத்தை மாற்றவில்லை.

ஆவுடை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். எழுதிய தாளை அவளிடம் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்துக்கொண்டு, முழுவதும் படித்தாள். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“எப்பம் வருவாவ?”

“செவ்வாய்க்கிழமை கிடைக்கும். புதன்கிழமை வருவாங்க. பத்தாம் தேதி.”

“கண்ணாடிய அப்பவே கழட்டி ஏங்கிட்ட குடுத்துருங்க. அங்க கொண்டுபோனா உடைச்சிருவானுவ.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அடியில் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, “இதுல பேரு போடலையே” என்றாள்.

“பேரு உள்ளயே இருக்கு.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். தாளிக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு என்னவோ கடுகு அதிகம்.

‘இப்படிக்கு’ என்றுகூட எழுதிவிட்டேன். அதற்குக் கீழே இரண்டு விரல் இடம் இருக்கிறது. கையெழுத்திட்டால் இது அலமாரிக்குப் போகும், பதினான்கு பேரின் மனுவுக்கு மேலே. இடாவிட்டால் மேசைக்குப் போகும். கையெழுத்திடப் பயமாகவும் இருக்கிறது, அதையும் எழுதிவைக்கிறேன். இந்த இரண்டில் எது காரணம் என்று கேட்டால் என்னால் விடை சொல்ல முடியாது. ஆனால் நாள் இல்லை.

மடித்து ஒட்டிவிட்டேன். நாளைக் காலை எட்டரை மணி எடுப்புக்கு முன்னால், பெயர் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.